சர்க்கரைப் போர்வைக்குள் வைரஸ்

கேள்வி: கொரோனாவுக்கு ஓராண்டுக்குள் தடுப்பூசி வந்துவிட்டது. எச்ஐவிக்கு மட்டும் ஏன் இன்னும் இல்லை?

பதில்: இரண்டே ஆண்டுகளில் தடுப்பூசி சோதனைக்குத் தயாராகிவிடும் என்று 1984-ல் அறிவித்தார் அமெரிக்க சுகாதாரத் துறைச் செயலர் மார்கரெட் ஹெக்லர். சோதனைகள் என்னவோ 1987-லேயே தொடங்கிவிட்டன. முடிந்தபாடுதான் இல்லை!

வில்லன், வைரஸின் உறையில் முள்போல நிற்கும் ஜிபி120, ஜிபி41 புரதக் கூட்டணி. முன்னது ரத்த வெள்ளணுவின் சிடி4 புரதத்தைப் பிடித்துக்கொள்ள, பின்னது வைரஸின் உறையை அணுவின் சவ்வோடு இணைத்துவிடும். பிறகென்ன, கிருகப்பிரவேசம்தான்.

ஜிபி120-ன் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. அதையும் ஒட்டிவிடுவது நம் உடலின் செல்களே! பட்டுவேட்டி கட்டிக் கல்யாண வீட்டுக்குள் நுழைந்த திருடனைப்போல, ‘நம்ம ஆள்தான்’ என்று எதிர்ப்புச் சக்தி ஏமாந்துவிடுகிறது. சந்தேகம் வந்து ஆன்டிபாடி தயாராவதற்குள் முள்ளின் வடிவமே மாறிவிடும்.

தாய்லாந்தில் 16,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த சோதனையில், 2009-ல் 31 சதவீதப் பாதுகாப்பு தெரிந்தது. அதே உத்தியைச் சற்றே மாற்றித் தென்னாப்பிரிக்காவில் முயன்றார்கள். பலனில்லை என்று 2020-ல் ஊசி போடுவதை நிறுத்திவிட்டார்கள்.