அட்மின் முதலாளி

1988இல் பின்லாந்தின் யார்க்கோ ஓய்காரினென் ஐஆர்சி என்ற குழு அரட்டையை எழுதினார். ஆரணித் தறிக்காரர்களிடம் லோக்கல் நெட்வொர்க் அதற்கு முன்பே உண்டு: தறிக்குழியில் உட்கார்ந்தபடியே சுவர் தாண்டிக் கத்துவது. கரண்ட் போனாலும் வேலை செய்யும்.

இப்போது வாட்ஸ்அப் குரூப். 1024 பேர் வரை சேரலாம். விடிந்தால் ரோஜாப்பூவோடு வணக்கம், பிறகு முதலாளி அனுப்பும் புது பார்டர் டிசைன், நடுவே யார் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையோ. "முகூர்த்தத்துக்குள்ள முடியுமா?" என்றால் வரிசையாகக் கட்டைவிரல்கள். "கூலி கொஞ்சம் ஏத்துங்க முதலாளி" என்று ஒருவர் போடட்டும். குரூப்பில் எல்லோரும் படித்தால்தான் டிக் நீலமாகும். ஆகிவிடும். பதில்தான் வராது. இரண்டாவது ஆள் வாய் திறப்பதற்குள் 'அட்மின் மட்டுமே செய்தி அனுப்பலாம்'. 2018இல் வந்த வசதி. நம்ம முதலாளிகள் யாரிடமும் கேட்காமல் தாமாகவே கற்றுக்கொண்ட ஒரே டெக்னாலஜி இதுதான்.