மலையிற் புகையும் மொறிஸ் மைனரும்

மலையிலே புகை தோன்றுகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு என்று அனுமானப் பிரமாணத்துக்கு உதாரணங்காட்டிய பண்டைத் தருக்க நூலார், டயகமவிலிருந்து அக்கரப்பத்தனை, லிந்துலை வழியாகத் தலவாக்கலைக்கு இறங்கும் பாதையோரத்திலே, பிரட்டுக்களத்தில் ஆள்கூடுகின்ற அதிகாலை வேளையில் ஒரு நாளாவது நின்று பார்த்திருப்பார்களேயானால், அவ்வுதாரணத்தைச் சத்தமின்றி வாபஸ் வாங்கியிருப்பார்கள். ஏனெனில், அவ்விடத்தே வளைவுக்கு வளைவு எழுகின்ற கரும்புகை, நெருப்பு உண்டு என்பதைக் காட்டிலும் நெருப்புப் போதவில்லை என்பதையே அதிகமாக நிரூபிக்கின்றது. எரிய வேண்டிய பெற்றோலில் ஒரு பகுதி எரியாமற் கரியாகி, சைலன்சர் வழியே தேயிலைக் கொழுந்தின்மேற் படிகிறது என்பதே அதன் தாற்பரியம். பழங்கார் ஒன்று அளவுக்கு மீறிப் பெற்றோல் குடிப்பதன் காரணத்தை அளவை நூல் முறைப்படி ஆராயப் புகும் இக்கட்டுரை, அப்புகையிலிருந்தே தொடங்குவது பொருத்தமாகும்.

ஆராய்ச்சிக்கு விஷயமாகிய வாகனம் மொறிஸ் மைனர். 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமாகி, இலங்கைக்குக் கப்பலேறி வந்து, மலைநாட்டிலே முதலில் துரைமாரையும், பின்னர் பெரிய கிளாக்கர்மாரையும், அதன் பின்னர் கடைக்காரர், ஆசிரியர் முதலியோரையும் சுமந்த இக்கார் வர்க்கம், ஓய்வுபெற்றுக் கோழி அடையும் நிலைக்கு வந்திருந்த தருணத்தில், 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி தடுக்கப்பட்டமையால் மீண்டும் உத்தியோகத்துக்கு அழைக்கப்பட்டது. இவற்றுட் பல இன்றும் சிங்கள ஸ்ரீ எழுத்துப் பலகை தாங்கியவை. அவ்வெழுத்து 1957இல் எழுப்பிய அரசியற் புகை வேறு. அது இவ்வாராய்ச்சிக்குப் புறம்பானது.

வழக்கின் மூலவாக்கியம், "வண்டி ரொம்பக் குடிக்குதண்ணே" என்பது. எத்தனை மைலுக்கு எத்தனை லீற்றர் என்று வினவினால், வினவியவரைச் சந்தேகத்தோடு பார்ப்பதே மரபு. தாங்கியை வாய்மட்டம் நிரப்பி, ஓடி, மறுபடி வாய்மட்டம் நிரப்பி, ஊற்றிய லீற்றரால் ஓடிய தூரத்தை வகுப்பதே இதற்கு உரிய கணிதம். ஆனால் மைல் காட்டும் முள் என்றோ நின்றுவிட்டது. பெற்றோல் காட்டும் முள்ளோ ஏற்றத்தில் ஒன்றும் இறக்கத்தில் வேறொன்றும் சொல்லும். தாங்கி வாய்மட்டம் நிறைந்ததை உயிரோடிருப்பவர் எவரும் கண்டதில்லை. பெற்றோல் செட்டிலே போய் "ஆயிரத்துக்கு அடி" என்பதே வழக்கமாதலால், கார் குடிப்பது லீற்றரில் அன்று, ரூபாயில் அளக்கப்படுகிறது. இந்த அளவையின் விபரீதம் 2022இல் வெளியாயிற்று. 2021 டிசம்பரில் 177 ரூபாயாயிருந்த ஒரு லீற்றர் பெற்றோல் 2022 ஜூன் 26ஆந் திகதி 470 ரூபாயாயிற்று. ஐந்தரை லீற்றருக்கு மேல் கொடுத்த ஆயிரம் ரூபாய் இரண்டு லீற்றரைச் சற்றே தாண்டியது. எஞ்சினுக்குள் ஓர் அணுவும் மாறாதிருக்க, ஆறே மாதத்தில் கார் இரண்டரை மடங்கு குடிகாரனாகிவிட்டதென்று சாதித்து, பிளக்கும் பொயின்ரும் மாற்றிய அன்பர்களை அடியேன் அறிவேன்.

ஆயினும், அதே ஆண்டு ஜூலையில் வந்த எரிபொருட் பங்கீட்டுக் கியூஆர் அட்டையானது, அரசாங்கம் அறியாமற் செய்த ஒரு மகத்தான விஞ்ஞான உபகாரம் என்றே சொல்ல வேண்டும். காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று தொடக்கத்தில் வரையறுக்கப்பட்டமையால், வரலாற்றில் முதன்முறையாக டயகமக் கார்க்காரர்கள் தம் வாகனத்தின் தாகத்தை லீற்றரில் அறிந்தார்கள். 2023 செப்டெம்பர் முதலாந் திகதி அம்முறை நீக்கப்பட்டதும் மக்கள் மகிழ்ந்தார்கள். சாஸ்திரம் மட்டும் ஓர் ஆய்வுகூடத்தை இழந்தது.

அளவு தெரிந்த பின்னரே காரணம் தேடுதல் நியாயம். காட்சிப் பிரமாணத்திற் புகையின் நிறம் முதன்மையானது. கருமை, பெற்றோல் மிகுதி; நீலம், எஞ்சின் எண்ணெய் எரிகிறது; வெண்மை நீங்காது தொடருமாயின், தண்ணீர் உள்ளே புகுகிறது. (டயகமவின் குளிரில் எல்லாக் கார்களும் காலையில் வெண்புகை விடும், அது வெறும் ஆவி, அஞ்சற்க.) அடுத்து, பிளக்கைக் கழற்றி வெளிச்சத்திற் பிடித்தால், அதன் முனை காய்ந்த கரி பூசியிருப்பின் மிகுதி, வெளுத்திருப்பின் குறைவு, தேத்தண்ணிச் சாயம் ஏறிய கோப்பையின் அடியைப் போல இளம் பழுப்பாயிருப்பின் சுகம். முனை எண்ணெயில் நனைந்திருந்தால் அழுத்தமானி கொண்டு அளந்து, பின் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்தது, ஏறாவிட்டால் வால்வு, இரண்டாயினும் செலவு.

ஆனால் கரும்புகைக்குக் காரணங்கூறுவோர் பெரும்பாலும் மறந்துவிடுவது மலையை. ஏறக்குறைய 5,000 அடி உயரத்திலே காற்று, கடற்கரைக் காற்றிலும் ஏழில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்குப் பதினைந்து பங்கு காற்று வேண்டுமென்பது நியதியாக, காபரேட்டரோ காற்றுக் குறைந்த விகிதத்திற் பெற்றோலைக் குறைப்பதில்லை. கொழும்பிற் சரியாயிருந்த கலவை டயகமவில் தானே மிகுதியாகிவிடுகிறது. போதாக்குறைக்கு ஏற்றம் வேறு. ஆளும் சாமானுமாக ஆயிரம் கிலோ எடையுள்ள காரை 300 மீற்றர் உயர்த்துவதற்கு, எஞ்சின் பெற்றோலின் சக்தியில் நாலிலொன்றைப் பயனாக்குவதாகக் கொண்டால், மூன்றிலொரு லீற்றருக்கும் சற்று அதிகமாகச் செலவாகும். இது பாதையின் தூரத்துக்குரிய செலவுக்குப் புறம்பானது. எந்தக் கராஜிலும் இதற்கு மருந்தில்லை.

மொறிஸின் எஸ்.யூ. காபரேட்டரைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். அதன் பக்கத்திலுள்ள சிறு ஊசியை மெல்ல உயர்த்தி உள்ளிருக்கும் பிஸ்டனைத் தூக்கினால், எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நிற்குமாயின் கலவை மிகுதி. தடுமாறி அணையுமாயின் குறைவு. கணநேரம் ஏறி அடங்குமாயின் சரி. பெற்றோல் வரும் ஜெட்டின் அடியிலே ஆறு பட்டை நட்டு ஒன்று உண்டு. அதை மேலேற்றினாற் கலவை இளைக்கும், கீழிறக்கினாற் கொழுக்கும். சோக்கை இழுப்பதும் அதே ஜெட்டைக் கீழிறக்குவதே. டயகமவிலே ஒரு காருக்கு நெடுங்காலம் தீராதிருந்த தாகம், முன்பலகையில் நீட்டிக்கொண்டிருந்த சோக்குக் குமிழைக் கொளுவியென்று கருதி வீட்டுக்காரம்மா அதிலே மரக்கறிப் பையைத் தொங்கவிட்டு வந்ததால் விளைந்தது. பையை இடம் மாற்றிய அன்றே புகை நின்றது. இவ்வளவு மலிவான சிகிச்சையை எந்தக் கராஜ் பாஸும் முதலிற் சொல்வதில்லை.

ஏனைய காரணங்களை விரைந்து சொல்லலாம். காற்று வடிகட்டி அடைபட்டிருத்தல். டயரிற் காற்றுக் குறைதல். பிரேக் விடாமற் பிடித்திருத்தல் (பிரேக் மிதியாமல் ஓடி நிறுத்தி, சக்கரத்தின் நடுவைத் தொட்டால் சூடு சொல்லும்). சூடேறுமென்று பயந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்து, இந்தக் குளிரில் எஞ்சினை நாள் முழுதும் விறைக்கவிடுதல். கடைசியிற் சொன்னது மலைநாட்டிலே மன்னிக்க முடியாத குற்றம் என்பது என் அபிப்பிராயம்.

எஞ்சியது ஆகமப் பிரமாணம், அதாவது பாஸ் சொன்ன வாக்கு. இதிலே மதபேதம் உண்டு. மலைக் கராஜிலே, உயரத்தைக் கருதி, ஜெட் நட்டை இரண்டு பட்டை மேலேற்றிவிடுவார்கள். புகை குறையும், சொந்தக்காரர் மகிழ்வார். பின்னர் கொழும்பிலே ஒரு கல்யாணம் வரும். கார் சமதரைக்கு இறங்கியதும் கலவை இளைத்து, எஞ்சின் இருமிச் சூடேறும், அங்குள்ள பாஸ், "எவன் இதைக் கெடுத்தது?" என்று வைதுகொண்டு இரண்டு பட்டை கீழிறக்குவார். கல்யாணம் முடிந்து கார் தலவாக்கலையைத் தாண்டும்போது மீண்டும் கரும்புகை. டயகமவிலே மீண்டும் இரண்டு பட்டை மேலே, கொழும்பு பாஸைப் பற்றிய அதே வசவோடு. இருவர் சொல்வதும் அவரவர் காற்றுக்குச் சத்தியமே. இவ்வாறு பல கல்யாணங்களும் சில மரணச் சடங்குகளும் கழிந்தபின், அந்த நட்டின் பட்டைகள் மழுங்கி ஸ்பனர் வழுக்கத் தொடங்கியது. அப்போது இரு பாஸ்மாரும், ஒருவரையொருவர் காணாமலே, முதன்முறையாக ஒருமித்த முடிவுக்கு வந்தார்கள்: காபரேட்டரை மாற்ற வேண்டும்.