மீனில்லாத் தொட்டியில் நிகழ்வன: ஓர் ஆய்வு

சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் தொட்டி வாங்குகிறவர் கையோடு மீனையும் வாங்கிவிடுவது மரபு. காலையில் கண்ணாடித் தொட்டி, மாலையில் தண்ணீர், இரவுக்குள் ஆறு கோல்டு ஃபிஷ். அடுத்த வாரம் அவற்றில் எத்தனை எஞ்சின என்பதற்கான தரவுகள் துளசிமாடத்தருகே புதைந்துள்ளன.

தெளிந்த தண்ணீரில் மீன் ஏன் சாகிறது? இவ்வினாவில் அறிஞர் இரு கட்சியாய்ப் பிரிந்துள்ளனர். “தீனி ஜாஸ்தியாப் போட்டிருப்பீங்க சார்” என்பது கடைக்காரர் கட்சி. கண்பட்டுவிட்டது என்பது பாட்டி கட்சி. முன்னதில் பாதி உண்மை உண்டு.

மீன் செவுள்வழி வெளியேற்றுவதும், மிஞ்சிய தீனி அழுகித் தருவதும் அம்மோனியா என்னும் நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக்கும். கோப்பு இரண்டு மேசை கடந்தாக வேண்டும். இந்த பாக்டீரியாக்களை 1890 வாக்கில் பிரித்தெடுத்துக் காட்டியவர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. இரண்டாம் மேசையில் இருப்பது நைட்ரோபாக்டர் என்று நெடுங்காலம் நம்பினார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அங்கே உட்கார்ந்திருப்பது நைட்ரோஸ்பைரா என்று 1998-இல் தெரியவந்தது. இரண்டு மேசை வேலையையும் தனியே முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகை 2015-இல் அகப்பட, ஒற்றைச் சாளர முறையில் அரசுகளை நுண்ணுயிர் முந்திவிட்டது அம்பலமாயிற்று.

சிக்கல் வேகத்தில். ஈ.கோலி பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். நம் மேசைக்கார பாக்டீரியாக்களுக்கோ பல மணி நேரம், சில வேளை ஒரு நாளே ஆகும். ஆகவே புதுத் தொட்டி பக்குவப்பட 4 முதல் 6 வாரம். ஒரு மண்டலத்துக்குச் சற்றுக் குறைவு. விரதம் மட்டும் வீட்டாருக்கு.

மீன் விடாமலே பக்குவப்படுத்தும் செய்முறை: குளோரின் நீக்கிய தண்ணீரில் ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு, தூய அம்மோனியம் குளோரைடை (ஈயம் பூசுவோரின் நவச்சாரம்) லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வருமளவு கரைக்க வேண்டும். டெஸ்ட் கிட்டில் முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். போட்ட அம்மோனியா 24 மணி நேரத்தில் மறைந்து, நைட்ரைட்டும் சுழியானால் தொட்டி தயார். பிஎச்சையும் பார்க்க வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் அம்மோனியாவில் நச்சு வடிவம் 1 விழுக்காட்டுக்கும் கீழே. பிஎச் 8 ஆனால் ஏறத்தாழ 5. நைட்ரைட் மீனின் இரத்தத்தைப் பழுப்பாக்கி, ஆக்சிஜன் ஏற்கவிடாமல் தடுக்கும்.

இடையூறுகளுள் முதன்மையானது சுத்தம். முதல் வாரத்தில் தண்ணீர் பால்போல் கலங்கினால் தானாகத் தெளியும். அதற்குள் யாரேனும் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து அலசிவிடுவார். பாக்டீரியா குடியிருப்பது தண்ணீரில் அல்ல, ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும். மெட்ரோ தண்ணீரின் குளோரின் அந்தக் குடியைக் கெடுக்கும். தொட்டித் தண்ணீரிலேயே மெல்ல அலசுவதுதான் முறை.

இரண்டாம் இடையூறு விருந்தினர். “தண்ணிய மட்டும் வச்சு என்னத்தப் பாக்குறீங்க?” என்ற வினாவுக்கு இதுவரை எந்த வேதியியலும் விடை தரவில்லை. மூன்றாம் வாரத்தில் மாமனார் பாலித்தீன் பையில் மோலி மீன் ஜோடியோடு வந்தால், தீனியைக் குறைத்து, நாள்தோறும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் அளந்து, தலைதூக்கும்போதெல்லாம் கால் பங்குத் தண்ணீரை மாற்றுவதே வழி. மோலியைத் திருப்பிக் கொடுப்பது சாத்தியமா என்பது மேலாய்வுக்குரியது. அதற்கு மாப்பிள்ளைகள் எவரும் முன்வரவில்லை.