காசு கொடுத்து வாங்கிய ஓனர்

சென்னையில் இருபது வருடமாக வாடகை வீட்டில் இருப்பவன் நான். வீட்டு ஓனர் என்கிற பிறவி எந்த வேஷத்தில் வந்தாலும் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். போன மாதம் அந்தக் குரல் ஒரு அட்டைப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

மகனுக்காக ஒரு வீடியோ கேம் கன்சோல் வாங்கினேன். ஐம்பதாயிரத்தைத் தொடும் விலை, பன்னிரண்டு மாதத் தவணை. கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த அப்டேட்டில் என்னைக் காலி பண்ணிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பெட்டியைப் பிரித்து டிவியில் மாட்டினோம். பெட்டி பேச ஆரம்பித்தது. மின்னஞ்சல் என்ன? பிறந்த தேதி என்ன? எந்த ஊர்? பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள். அப்புறம் ஒரு ஒப்பந்தம். தள்ளத் தள்ளக் கட்டைவிரல் வலித்ததே தவிர, அடி தெரியவில்லை. ‘ஏற்கிறேன்’ ஒரு பொத்தான், ‘ஏற்கவில்லை’ ஒரு பொத்தான். இரண்டாவதை அழுத்தினால் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு செங்கல் நமக்குச் சொந்தம். ஏற்றுக்கொண்டேன்.

உடனே அப்டேட். நேற்றுக் கடையில் சீல் உடைக்காமல் வாங்கிய சாமான், இன்றைக்குப் பழசாகிவிட்டதாம். அது முடிந்ததும் தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ஆட்ட வட்டை உள்ளே செருகினோம். ‘92 ஜிபி பதிவிறக்கம்’ என்றது. அப்படியானால் வட்டில் என்னதான் இருக்கிறது? நான் வட்டு வாங்கியிருக்கிறேன் என்பதற்கான அத்தாட்சி இருக்கிறது. அம்மா ஊஞ்சலில் இருந்தபடியே கேட்டாள்: “சாமான்தான் வீட்டுக்கு வந்திடுச்சே, இன்னும் எங்கேருந்துடா இறக்கிக்கிட்டு இருக்கே?”

ராத்திரி ஒன்பதுக்கு ஆட்டம் ஓடியது. மாடி வீட்டுப் பையன் அவன் வீட்டிலிருந்தே சேர்ந்து ஆடலாம் என்றான். அதற்கு மாதாமாதம் சந்தா கட்ட வேண்டுமாம். விருந்தாளி வந்தால் தண்ணிக்குத் தனிக் காசு கேட்கும் அதே குரல்! அந்த வினாடி புரிந்தது. நான் வாங்கியது பெட்டியை அல்ல, இன்னொரு ஓனரை.

மறுநாள் சர்வீஸ் சென்டரில் இருந்த தம்பி தங்கமான பையன். பெட்டியைச் சோதித்துவிட்டுச் சிரித்தார். “எல்லாம் நார்மல் சார். டிசைனே அப்படித்தான்.”

ஒரு காலத்தில் பெட்டி கெட்டால் கெட்டது என்றாவது சொன்னார்கள். 2005-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360-இல் மூன்று சிவப்பு விளக்கு எரிந்தால் அதற்குச் சங்கு ஊதியாயிற்று என்று அர்த்தம். 2007-இல் மைக்ரோசாஃப்ட் அந்தக் கோளாறுக்கு வாரண்டியை மூன்று வருடமாக்கி, 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. பழுதென்றால் வெட்கப்படலாம், ரிப்பேர் பண்ணலாம். டிசைனை எந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோவது?

இந்த டிசைனுக்கு வயது இருக்கிறது. பிளேஸ்டேஷன் 3-ஐ விற்கும்போது அதில் லினக்ஸும் ஓட்டலாம் என்றுதான் சோனி விற்றது. பிறகு 3.21 என்று ஓர் அப்டேட் அனுப்பி அந்த வசதியைப் பிடுங்கிக்கொண்டது. காரணம், பாதுகாப்பாம். குடிவந்த பிறகு பின்கட்டு அறையைப் பூட்டிக்கொண்டு ‘உங்க நல்லதுக்குத்தான்’ என்பார்களே, அதுதான். அப்டேட் பண்ணாமல் இருக்கலாம். ஆனால் இணையத்தில் ஆட முடியாது. அப்டேட் வந்த தேதி 2010 ஏப்ரல் 1. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உண்மையாக நடந்துகொண்டிருக்கிறார்கள்.

2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் அறிமுகமானபோது, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அது இணையத்தில் ஆஜராக வேண்டும் என்றார்கள். நிபந்தனை ஜாமீனில் வந்தவன் தினம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிற மாதிரி. ஊரே திரண்டு திட்டியது. சில வாரங்களில் வாபஸ். அன்றைக்குக் கொதித்த நாம்தான் இன்றைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு ரசீதும் கேட்பதில்லை. யுபிசாஃப்ட் 2014-இல் விற்ற ‘தி க்ரூ’ கார் பந்தயத்தின் சர்வரை 2024 மார்ச் 31-இல் அணைத்தது. தனியாக ஓட்டுகிறவனுக்கும் சர்வர் வேண்டும் என்று கட்டிய ஆட்டம் அது. வட்டை அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தவனுக்குக் காப்பி டம்ளர் வைக்க ஒரு தட்டு கிடைத்தது. பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டு மிச்ச அட்வான்ஸைத் தருகிற ஓனர்கள் எனக்குப் புத்தர்களாகத் தெரிந்தார்கள்.

கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம். உரிமத்தை மட்டும்தான் தருகிறோம் என்று தெளிவாகச் சொல்லாமல், டிஜிட்டல் சரக்குக்கு ‘வாங்கு’ என்ற சொல்லைப் போடக்கூடாதாம். கொள்ளையை நிறுத்தவில்லை. போர்டு மாட்டிக்கொண்டு செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

தொண்ணூறுகளில் பர்மா பஜாரில் மாமா வாங்கித் தந்த டிவி கேமை நினைத்துக்கொள்கிறேன். கேசட்டில் ‘9999 ஆட்டம்’ என்று ஸ்டிக்கர். எண்ணினால் ஏழெட்டுதான். அதே மரியோ, அதே கான்ட்ரா, பெயரை மாற்றிக்கொண்டு வரிசையில் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். பச்சைப் புளுகு. ஆனால் அந்த ஏழெட்டும் என்னுடையவை. ஓடாவிட்டால் கேசட்டை உருவி, வாயால் ஊதி, பனியனில் துடைத்துச் செருகினால் ஓடும். எதிர்வீட்டுப் பையனுக்கு இரவல் கொடுக்கலாம். அவன் திருப்பித் தராமல் ஊரை விட்டே போகலாம், போனான். அந்த பஜார் ஏமாற்றுக்காரன் என் பிறந்த தேதியை ஒருநாளும் கேட்டதில்லை. ஏமாற்றியதும் ஒரே ஒரு தடவைதான், மாதாமாதம் இல்லை.

ஐந்தாம் தேதி வாடகை வாங்க வந்த எங்கள் நிஜ ஓனர், டிவிக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியைப் பார்த்தார். என்ன விலை என்றார். சொன்னேன். வயிற்றெரிச்சலில் மற்றதையும் கொட்டினேன்: முழு விலைக்கு வாங்கிய பிறகும் சந்தா, கொடுத்த வசதியைப் பிற்பாடு பிடுங்குவது, கூட்டாளி சேர்ந்தால் தனிக் காசு, வேண்டாமென்றால் பூட்டு. மனிதர் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். காப்பி ஆறிப்போனது.

“இவ்வளவுக்கும் ஜனங்க கையெழுத்துப் போடறாங்களா சார்?”

“போடறோம்.”

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். “அந்த அக்ரிமெண்ட் காப்பி ஒண்ணு கிடைக்குமா?”