வெல்ஷ் துரை வளரி கற்ற கதை

சீமையில் பழைய சந்தை ஊர்களைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஊருக்கு ஒரு கோட்டை, கோட்டைக்கு ஒரு பிரபு, பிரபுவுக்கு ஒரு பேய் என்று வைத்திருப்பார்கள். பேயைப் பார்க்கவும் டிக்கெட் உண்டு. நரிக்குடியில் அந்தச் செலவு இல்லை. மானாமதுரை–விருதுநகர் ரயிலில் வந்து இறங்கினால் சுற்றிலும் சீமைக்கருவேலம், தலைக்கு மேலே வெயில். இரண்டும் இலவசம்.

ஆனாலும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இருவரைத் தேடி வெள்ளைக்காரர்கள் பட்டாளம் பட்டாளமாக வந்திருக்கிறார்கள், பீரங்கியையும் இழுத்துக்கொண்டு.

நரிக்குடியை ஒட்டிய முக்குளத்தில் மொக்கைப் பழனியப்பன் சேர்வைக்கும் ஆனந்தாயிக்கும் 1748-இல் பெரிய மருது, 1753-இல் சின்ன மருது. வளர்ந்து சிவகங்கைச் சீமையையே கையில் எடுத்துக்கொண்டார்கள். கணக்குவழக்கெல்லாம் தம்பி தலையில். அண்ணன் துப்பாக்கியோடு வேட்டைக்குப் போய்விடுவார். எத்தனை வீட்டில் பார்க்கிறோம்! அந்த அண்ணன் ஆற்காட்டு ரூபாயை விரலாலேயே வளைத்துவிடுவாராம். நவாபின் நாணயம் அவ்வளவுதான்.

இதையெல்லாம் எழுதிவைத்தவர் ஜேம்ஸ் வெல்ஷ், கிழக்கிந்தியக் கும்பெனிப் பட்டாளத்து அதிகாரி. 1795-இல் மதுரையில் இருந்தபோது அவருக்கு இருபது வயது. ஈட்டி எறியவும், வளரி என்கிற வளைந்த எறிதடியை வீசவும் கற்றுக்கொடுத்த வாத்தியார் சின்ன மருது. பாடத்தோடு நல்ல அரிசியும் தித்திப்பான ஆரஞ்சும் வீட்டுக்குப் போகும். குருதட்சணை எதிர்த்திசையில் போனது இங்கேதான். வாத்தியாரின் சிறுவயல் அரண்மனையில் காவலே கிடையாது, யார் வேண்டுமானாலும் போய் வரலாம் என்று துரைக்கு ஒரே ஆச்சரியம்.

1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை கும்பெனியிடம் விழுந்தது. அங்கிருந்து தப்பிய கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை சிறுவயலுக்கு வந்து சேர்ந்தார். ஆளைக் கொடு என்றது கும்பெனி. வீட்டுக்கு வந்தவரைப் பிடித்துக்கொடுக்கிற பழக்கம் சேர்வை வீட்டில் இல்லை. ஜூன் 16-இல் சின்ன மருது கும்பெனிக்கு எதிரான அறிக்கையைத் திருச்சி கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டவைத்தார். தமிழ்நாட்டுச் சுவரொட்டி அரசியலுக்கு அவரைத்தான் மூத்தவராகச் சொல்ல வேண்டும்.

கும்பெனித் தளபதி அக்னியூவின் பட்டாளம் கிளம்பியது. சிறுவயலிலிருந்து, மருதிருவர் அரணாக வைத்திருந்த காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டியே வழி போடுவதென்று திட்டம். ஒரு மாதம் வெட்டினார்கள். உள்ளே இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? வெட்டியவர்களை வெட்டினார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் கோடாரியைக் கீழே போட்டுவிட்டு, வேறு வழியாக வந்து அக்டோபர் 1-இல் கோயிலைப் பிடித்தார்கள். அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் இரண்டு சகோதரர்களுக்கும் தூக்கு.

வாத்தியாரைத் துரத்திய படையில் மாணவர் வெல்ஷும் இருந்தார். வாத்தியார் தொடை எலும்பு முறிந்து கிடந்ததையும் பார்த்தார், தூக்கில் தொங்கியதையும் பார்த்தார். சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு அப்போது பதினைந்து வயது. அவனையும் சேர்த்து 73 பேரைப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். 1818-இல் பினாங்குக்குப் போன வெல்ஷ் முன் தளர்ந்துபோன ஒரு மனிதர் வந்து நின்றார். அது துரைசாமி. 1830-இல் லண்டனில் வந்த புத்தகத்தில் துரை இத்தனையையும் ஒளிக்காமல் எழுதினார். வருத்தமும் பட்டார். கொல்லும்போது வராத வருத்தம், பென்ஷன் வயதில் நன்றாகவே வந்திருக்கிறது.

நரிக்குடிக்கு வந்தால், ராமேஸ்வரம் போகிற யாத்ரீகர்களுக்காக மருதிருவர் கட்டிய சத்திரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். சித்திரை வெயிலில் மட்டும் வேண்டாம்.