செயலியிடம் கொசுறு

அந்தக் காலத்தில் கிழங்கில் மண் ஒட்டியிருந்தால் அது குற்றம். "மண்ணையும் சேத்தா நிறுக்குற?" என்று அப்பத்தா காய்க்காரம்மாவிடம் மல்லுக்கு நிற்பாள். இன்று காய் வாங்கும் செயலியில் அதே மண்தான் சான்றிதழ். பழுப்புக் காகிதப் பையில் போட்டு, மேலே தலைப்பாகை கட்டிய விவசாயி ஒருவரைச் சிரிக்கவிட்டால் போதும். அப்பத்தாவின் பேரப்பிள்ளைகள் நாங்கள் மறுபேச்சில்லாமல் வாங்கிவிடுகிறோம். கறிவேப்பிலைக்குத் தனிக் காசு, கொண்டுவந்து தருவதற்குத் தனிக் காசு. செயலியிடம் யார் போய்க் கொசுறு கேட்பது?

அப்பத்தாவுக்கும் செயலிக்கும் நடுவே இன்னொரு காலம் இருந்தது. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் அரசு முதல் உழவர் சந்தையைத் திறந்தது. விளைவித்தவரே விற்க வேண்டும், அதற்கு அடையாள அட்டை. கடைக்கு வாடகை கிடையாது. தராசும் சந்தையே தரும். அன்றன்றைய விலை பலகையில் இருக்கும்: மொத்த விலையைவிடக் கொஞ்சம் கூட, சில்லறைக் கடையைவிடக் கொஞ்சம் குறைவு. அப்பாவுக்கு அந்தப் பலகைமேல் தீராத வருத்தம். பேரம் பேச முடியாத இடம் என்ன சந்தை என்பார். வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்து, ஒடித்ததையெல்லாம் கூடையிலேயே போட்டுவிட்டு வேறு கடைக்கு நகர்வார். (2001இல் ஆட்சி மாறியதும் சந்தைகள் களையிழந்தன, 2006இல் மறுபடி களைகட்டின. நம் ஊரில் கத்தரிக்காய்க்கும் கட்சி உண்டு.)

ஆனால், உழவர் சந்தையில் கொடுத்த காசு எங்கே போனது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. மேலூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் கூடையோடு வரும் அம்மா, வெயில் ஏறுமுன் விற்று முடித்து, முந்தானை முடிச்சோடு கிளம்புவார். மாட்டுக்குப் புண்ணாக்கு, பிள்ளைக்கு நோட்டு, களையெடுத்தவர்களுக்குக் கூலி. அந்தக் கூலி ஊர் மளிகைக்கடைக்கு, அங்கிருந்து தையல்காரருக்கு. ஒரே நூறு ரூபாய் ஊருக்குள்ளேயே நாலு அடுப்பை எரித்துவிட்டுத்தான் வெளியேறும். மண்டிக்குப் போகும் தக்காளிக்கோ கமிஷன், ஏற்றுகூலி, இறக்குகூலி, வண்டி வாடகை எல்லாம் கழித்து ஒரு சீட்டு வரும். அதில் மிச்சம் இருந்தால் அதுதான் விவசாயியின் பங்கு.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறுக்கு மேல் விற்றபோது நாங்கள் எல்லோரும் பொருளாதார நிபுணர்கள் ஆனோம். அரசு ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றது. பறிகூலிக்கே கட்டாமல் ஒட்டன்சத்திரம் பக்கம் கூடை கூடையாகக் கொட்டும் நாட்களில் மட்டும் எங்கள் நிபுணத்துவம் ஓய்வெடுக்கும்.

கட்டுப்படியாகாதவர் முதலில் ஒரு வயலை விற்பார். வாய்க்காலில் தூர் வார ஓர் ஆள் குறையும். பிறகு இன்னொருவர். கடைமடைக்குத் தண்ணீர் ஏறாமல் போனதும், விற்க மனமில்லாதவரும் விற்பார். அப்புறம் கலர் கொடி, எல்லைக்கல், வளைவில் 'பசுமை நகர்'. இயற்கையோடு வாழலாம் என்று விளம்பரம்.

அப்படியொரு நகரில் வீடு கட்டிக் குடியேறிய சித்தப்பா மகன் போன வாரம் போன் செய்தான். சுற்றிலும் கருவேலமும் கிரயத்துக்குக் காத்திருக்கும் மனைகளும். "அண்ணே, வர்றப்ப டவுன்லருந்து ரெண்டு கிலோ தக்காளி வாங்கிட்டு வாங்க. இங்க ஒரு காயும் கிடைக்க மாட்டேங்குது."