சுவருக்குள் மரம் உண்டா? வீரபாண்டிக் கூடங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில், முல்லையாற்றங்கரையில் இருக்கிறது வீரபாண்டி. இவ்வூர்க் கூடங்களின் வரலாற்றில் இரண்டு யுகங்கள் உண்டு. 2006இல் அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி 14 அங்குலம், முதுகு பருத்தது, மேசையில் உட்கார்ந்தது. அது மேசை யுகம். தட்டை டிவி வந்ததும் சுவர் யுகம் பிறந்தது. இந்த யுகத்துக்கு மூலநூல், பிராக்கெட் பெட்டிக்குள் மடிந்து கிடக்கும் தாள். சுவருக்குள் மரச்சட்டத்தைத் தேடி அதில் திருகச் சொல்கிறது அது.

2. பரபக்கம்

மரச்சட்டக் கொள்கையினர் அமெரிக்கர். அவர்கள் சுவர் ஜிப்சம் பலகை; பின்னால் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒரு சட்டம் நிற்கும். தட்டிக்கொண்டே போனால் ‘டொம்’ என்பது ‘டொக்’ ஆகுமிடத்தில் சட்டம். வீரபாண்டியில் தட்டினால் எங்கும் ‘டொக்’. தப்பித்தவறி ‘டொம்’ கேட்டால் அங்கே பூச்சு விட்டிருக்கிறது. காந்தம் வைத்துத் தேடினால் காலண்டர் ஆணி அகப்படும். துளைத்தே பார்ப்பது என்று இறங்கினாலோ, சித்திரைத் திருவிழாவில் கௌமாரியம்மனுக்கு எடுக்கும் ஆயிரங்கண் பானைக்குச் சுவர் போட்டியாகிவிடும்.

3. சுபக்கம்

நம் சுவர் செங்கல் கட்டு. எனவே ‘எங்கே’ என்ற வினா ‘எவ்வளவு ஆழம்’ என்று திரியும். பூச்சுக்கு வலு கிடையாது. திருகைப் பற்றிக்கொள்ளும் பிளக் அதைக் கடந்து முழுசாகக் கல்லுக்குள் இறங்க வேண்டும். டிரில்லிங் மிஷின் துப்பும் தூளே முதன்மைச் சான்று: செம்பொடி என்றால் செங்கல், சாம்பல் பொடி என்றால் கலவை, கலவையில் பிடி தளரும். டிவி முன்சாயும்போது பிடுங்கிக்கொள்ளப் பார்ப்பவை மேல்வரிசைத் திருகுகள். பிராக்கெட்டின் கையை நீட்ட நீட்ட இழுப்பு கூடும். ஹாலோ பிளாக் சுவர் புறனடை: உள்ளே வெற்றிடம், சாதாரணப் பிளக் பற்றாது.

நைலான் பிளக்கை 1958இல் தந்தவர் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர். அதெல்லாம் ஊருக்கு வருமுன் கொத்தனார் உளியால் குடைந்து, மரக்கட்டையை அடித்து இறக்கி, அதில் ஆணி அறைந்தார். ஆக, சுவருக்குள் மரம் நமக்கும் உண்டு. அமெரிக்கர் தேடி எடுப்பதை நாம் வைத்து எடுத்தோம், அவ்வளவே வேறுபாடு.

4. தடையும் விடையும்

“கதவு நிலை மரந்தானே, அதில் திருகினால் என்ன?” என்பர். திருகலாம். டிவி அசையாது. வீட்டார் மட்டும் கொல்லைப்புறமாகச் சுற்றி வந்து பார்க்க வேண்டும்.